பாடுவோர் குரலும் பருவ மாறுதலும்

குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோயில் தசராத் திருவிழா முடிந்து, அன்பர்கள் காப்புக் களைந்த மறுநாட் காலையில் அவ்வூர்க் கடைவீதி வழியே செல்வோர் ஒரு விநோதத்தைக் காண்பர். காளி வேடமும் ராஜா வேடமும் குறத்தி வேடமும் பூண்டு, தாரை தப்பட்டை முழங்க ஊர் ஊராய்ச் சென்று, ஆடியும் பாடியும் காணிக்கை ஏற்ற மக்கள், விஜயதசமி இரவிலே கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரத்தைக் கண்டு ஆர்ப்பரித்த பின்னர், பேச மாட்டாது நிற்பர். தேநீர்க் கடையில் ஒருவர் வாய் திறந்தாற் காற்று மட்டுமே வெளிவரும். மற்றொருவர் கைச்சாடையினாலே சர்க்கரை வேண்டாமென்பார். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்வதற்கும் தொண்டை இராது. நாலைந்து நாளில் எல்லோர்க்கும் குரல் திரும்பிவிடும். ஆதலின் இதனை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர்க்கு மட்டும் திரும்பவில்லை. அவர் எம்மிடம் பயின்ற மாணவர். தசராக் குழுவொன்றில் முன்னின்று பாடுகிறவர். ஒரு மாதம் கழிந்தும் அவர் கம்மல் தீரவில்லை. கண்ணேறு என்றனர் சிலர். பனங்கற்கண்டும் மிளகும் போதும் என்றனர் வேறு சிலர். இறுதியில் தொண்டை மருத்துவர் ஒருவர், விளக்குப் பொருத்திய மெல்லிய குழாயை உட்செலுத்திப் பார்த்து, குரல் நாண்கள் இரண்டிலும் காய்ப்பு விழுந்திருக்கின்றதென்றும், சின்னாள் ஓய்வும் அதன்பின் முறையான பயிற்சியும் வேண்டுமென்றும் கூறினார். மாணவர் கவலையோ வேறாக இருந்தது. "ஐயா, என் பழைய குரல் அப்படியே வருமா?" என்று ஒரு தாளில் எழுதி எம்மிடம் நீட்டினார். அவ்வினாவிற்குத் தக்க விடை அன்று எம்மிடம் இல்லை. பின்னர் நூல்களிற் பயின்றும், இசைத்தட்டுகளைக் கேட்டும், அறிந்தாரை வினவியும் யாம் தெளிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம். பாடுகின்ற மாணவர் பலர் நம் கல்லூரியில் உளர். பாடாதாரும் பாட்டைக் கேட்பவரே. ஆதலின் இஃது எல்லோர்க்கும் பயன்படுமென நம்புகின்றோம்.

குரல் எங்ஙனம் பிறக்கின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். கழுத்தின் முன்புறத்தே, ஆடவர்க்குப் புடைத்துத் தோன்றும் உறுப்பை நம் மக்கள் சங்கு என்று வழங்குவர். முத்துக் குளித்தும் சங்கு குளித்தும் வாழ்ந்த கரையினர்க்கு இப்பெயர் இனிது விளங்கும். நூலோர் அதனைக் குரல்வளை என்பர். குருத்தெலும்பாலாகிய அக்கூட்டினுள்ளே இரண்டு மடிப்புகள் உள்ளன. இவையே குரல் நாண்கள். நாண் என்றவுடன், வீணையின் தந்திபோல இழுத்துக் கட்டிய கம்பியென்று எண்ணலாகாது. இவை மெல்லிய சவ்வு போர்த்த தசை மடிப்புகளே. மூச்சு வாங்குங்கால் இவை அகன்று வழிவிடும். பேசுங்கால் ஒன்றையொன்று அணுகி நிற்கும். நுரையீரலினின்று எழுகின்ற காற்று இவற்றினிடையே முட்டிச் செல்லும்போது, இவை திறந்தும் மூடியும் அதிர்கின்றன. அவ்வதிர்வே ஓசையாகின்றது. பின்னர் அவ்வோசை தொண்டை, வாய், மூக்கு என்னும் அறைகளிற் புகுந்து, இன்னாருடைய குரல் இஃது என்று நாம் அடையாளங் காணும் தன்மையைப் பெறுகின்றது.

நீண்டு தடித்த நாண் மெல்ல அதிரும். குறுகி மெலிந்த நாண் விரைந்து அதிரும். அதிர்வு மெல்ல நிகழின் குரல் தாழ்ந்தும், விரைந்து நிகழின் உயர்ந்தும் கேட்கும். வளர்ந்த ஆடவரின் நாண் ஏறக்குறைய 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளமும், பெண்டிரின் நாண் ஏறக்குறைய 12 முதல் 17 மில்லிமீட்டர் நீளமும் உடையன. ஆடவர் பேசுங்கால் அவை வினாடிக்குச் சற்றேறக்குறைய 120 முறையும், பெண்டிர் பேசுங்கால் 200 முறையும் அதிர்கின்றன. ஒரு பெண்மணி இடைவிடாது ஒரு மணி நேரம் குரல் எழுப்புவாராயின், அவர்தம் நாண்கள் ஒன்றோடொன்று ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை மோதும் என்பது இதனாற் பெறப்படும். மேல் ஸ்தாயியிற் பாடுங்கால் இத்தொகை இன்னும் பன்மடங்காகும். விரல் நகத்தின் அகலமேயுள்ள இரண்டு மடிப்புகள் இத்துணை உழைப்பையும் தாங்குகின்றன என்று எண்ணும்போது, அவை களைப்பது வியப்பன்று, களையாதிருப்பதே வியப்பாம்.

உயிருள்ள மனிதனின் குரல் நாண்கள் அதிர்வதை முறையாகக் கண்டு உலகிற்கு உரைத்தவர் ஒரு மருத்துவரல்லர்; பாட்டு வாத்தியார் ஒருவரே. மானுவேல் கார்சியா என்னும் அப்பெரியார் 1854-ஆம் ஆண்டிலே, பல் மருத்துவர் கையாளும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டையினுள்ளே நிறுத்தி, மற்றொரு கண்ணாடியினாற் சூரிய ஒளியை அதன்மேற் செலுத்தித் தம் குரல் நாண்களைத் தாமே கண்டார். 1805-இற் பிறந்து 1906-இல் மறைந்த அவர் நூறாண்டு கடந்து வாழ்ந்தார். குரல் மருத்துவம் இன்று அடைந்துள்ள நிலைக்கு அவருடைய கண்ணாடியே தொடக்கம்.

இனி, பருவந்தோறும் நிகழும் மாறுதலைக் காண்போம்.

முதலாவது மாறுதல் சிறுவன் இளைஞனாகும் பருவத்தில் வருவது. இதனை நம் நாடகக்காரர் மகரக்கட்டு என்பர். அப்பருவத்திற் சிறுவனது குரல்வளை சில திங்களிலேயே விரைந்து பெருக்கின்றது. நாண்களும் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழிறங்குகின்றது. சிறுமியர்க்கும் இம்மாறுதல் உண்டாயினும், இரண்டு மூன்று சுரமளவே இறங்குதலால் அது வெளிப்படத் தோன்றுவதில்லை. புதிய கருவியை வாசிக்கப் பழகாத கையைப் போல, சிறுவனுடைய மூளையும் தசையும் புதிய குரல்வளையை ஆளப் பழகாமையால், பேசும்போதே குரல் ஏறியும் இறங்கியும் உடைந்தும் போகின்றது.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இற் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918-இல் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். இவ்வகைப் பாலர் சபைகளிற் சிறுவரே ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஏற்றுப் பாடி நடித்தனர். அவர்தம் உயர்ந்த குரலே சபையின் மூலதனம். எனவே மகரக்கட்டு வந்த நாள் அச்சிறுவர்க்குத் துயர நாளாயிற்று. நேற்றுவரை கைதட்டல் பெற்றவன் இன்று பின்வரிசையில் நிற்பான். மேனாட்டிலும் இஃது உண்டு. வியன்னா நகரத்துப் புனித ஸ்தேவான் பேராலயப் பாடகர் குழுவிற் பாடிவந்த ஹைடன் என்னும் சிறுவர், குரல் உடைந்தமையால் 1749-ஆம் ஆண்டளவிற் குழுவினின்று நீங்க நேர்ந்தது. அவரே பின்னர் ஐரோப்பாவின் தலைசிறந்த இசையாசிரியருள் ஒருவரானார்.

நம் நாட்டிலும் அத்தகையார் உளர். பாலர் சபைகளிற் பாடிப் பெயரெடுத்த பி. யு. சின்னப்பா, மகரக்கட்டு வந்தபின் சபையை விட்டு விலகிச் சங்கீதப் பயிற்சியிலும் உடற்பயிற்சியிலும் ஈடுபட்டார். பின்னர் 1940-இல் வந்த 'உத்தமபுத்திரன்', 1942-இல் வந்த 'கண்ணகி' முதலிய படங்களிற் புதிய குரலோடு தோன்றிப் பெரும்புகழ் எய்தினார். சங்கரதாஸ் சுவாமிகளின் சபையிற் பயின்ற டி. கே. சண்முகம், வளர்ந்தபின் ஒளவை மூதாட்டியாகவே மேடையில் நின்று 'அவ்வை சண்முகம்' என்று பெயர் பெற்றார். குரல் உடைந்ததோடு கலையும் உடைந்துபோவதில்லை என்பதற்கு இவர்களே சான்று.

இரண்டாம் நிலை இருபது வயதுக்கு மேற்பட்டது. அப்போது குரல்வளை தன் முழு வளர்ச்சியை அடைந்து, நாண்களின் சவ்வும் தசையும் உறுதி பெறுகின்றன. மூச்சின் வலிமையும் நிறைந்திருக்கும். இந்நிலை பல்லாண்டு நிற்பது. ஆயினும் இதனுள்ளும் குரல் அசையாது நிற்பதன்று. ஆண்டுதோறும் சிறிது அடர்த்தி ஏறிக்கொண்டே செல்லும்.

மூன்றாம் நிலை முதுமை. குருத்தெலும்பு கடினமாகின்றது, நாண்களின் தசை மெலிகின்றது, சவ்வு வறள்கின்றது, நுரையீரலின் கொள்ளளவு குறைகின்றது. நாண்கள் இரண்டும் முற்றும் பொருந்தாமையின் இடையே காற்றுக் கசிந்து, குரல் நடுங்கவும் மெலியவும் தொடங்கும். இங்கே ஒரு புதுமை உண்டு. முதுமையில் ஆடவர் குரல் சற்றே உயர்கின்றது. பெண்டிர் குரலோ தாழ்கின்றது. ஆடவர்க்குத் தசை மெலிதலும், பெண்டிர்க்கு மாதவிலக்கு நின்றபின் நாண்கள் சற்றுத் தடித்தலும் காரணம் என்பர். இளமையில் வெகுதூரம் விலகி நின்ற இருவர் குரலும் முதுமையில் ஒன்றையொன்று நோக்கி வருகின்றன.

நிற்க. பருவம் மட்டுமே பாடகரின் குரலை மாற்றுவதன்று. அவர் பாடுகின்ற இடமும் மாற்றுகின்றது. ஒலிபெருக்கி வருமுன் நாடகக் கொட்டகையிற் பாடியவர், கடைசி வரிசையில் மணலில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்கப் பாட வேண்டியிருந்தது. நம் செவி வினாடிக்கு 2,000 முதல் 4,000 அதிர்வு வரையுள்ள ஓசைகளையே எளிதிற் பற்றும் இயல்பினது. உயர்ந்த சுருதியில், தொண்டை திறந்து, கணீரென்று பாடும் குரலில் இவ்வோசைகள் மிகுதியாக உள்ளன. ஆதலாலன்றோ அந்நாளைய நாடகப் பாடகர் ஆர்மோனியத்தில் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று உயர்ந்த சுருதியை நாடினர்! அஃது ஆடம்பரமன்று, தேவையே.

அக்காலத்துப் பாடகருள் ஒப்பற்றவர் செங்கோட்டையில் 1906-இற் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா. அவரது உச்சக் குரலைக் கேட்டவர் அதனை வாழ்நாளெல்லாம் மறந்திலர். 1933-ஆம் ஆண்டு டிசம்பரில், இருபத்தேழு வயதிலேயே அவர் மறைந்தார். இசைத்தட்டுகளில் நாம் இன்று கேட்பது முதுமையறியாத ஒரு குரலே. அக்குரல் நாற்பது வயதில், அறுபது வயதில் எங்ஙனம் இருந்திருக்கும் என்பதற்கு விடையில்லை.

ஆனால் அவருடைய வாழ்க்கைத் துணைவியாராகிய கே. பி. சுந்தராம்பாளின் குரலுக்கு அவ்விடை உண்டு. 1908-இற் கொடுமுடியிற் பிறந்து, சிறுமியாய் இரயில் வண்டியிற் பாடி, நாடகமேறி, இலங்கையிலும் நடித்துப் புகழ்பெற்றவர் அவர். கணவர் மறைந்தபின் வெள்ளாடை உடுத்தார். இனி எந்த ஆடவருக்கும் இணையாகக் காதல் வேடம் ஏற்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனா'ரில் ஆண்வேடமாகிய நந்தனாராகவே நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றது அந்நாளிற் பெருஞ்செய்தி. 1953-இல் 'அவ்வையார்', 1964-இற் 'பூம்புகா'ரிற் கவுந்தியடிகள், 1965-இல் 'திருவிளையாட'லில் மீண்டும் ஒளவை என்று அவர் தோன்றினார். 1969-இல் வந்த 'துணைவன்' படப் பாடல்களுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருதும் பெற்றார்; அப்போது அவர்க்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது.

அவருடைய இளமைக்கால இசைத்தட்டையும் பிற்காலப் படப்பாடலையும் அடுத்தடுத்துக் கேட்பவர் மாறுதலை எளிதில் உணர்வர். முன்னதில் மெலிந்த கூர்மை. பின்னதில் அடர்த்தியும் கனமும். ஆயினும் சொல்லைத் தெளிவாக உச்சரிக்கும் முறையும், சுரத்தின்மேல் ஐயமின்றி ஏறி நிற்கும் துணிவும் இரண்டிலும் ஒன்றே. நாடகக் கொட்டகை கற்பித்த பாடம் மைக்கின் முன்னும் அவரை விட்டு நீங்கவில்லை. இங்கு நாம் கருதத்தக்கது மற்றொன்று. இளம்பெண்ணின் வேடத்தையும் அவ்வேடத்திற்குரிய பாட்டையும் அவர் விடாது பற்றியிருந்தாராயின், குரலில் ஏறிய கனம் குறையாகத் தோன்றியிருக்கும். மூதாட்டியின் வேடத்திலோ அதுவே நிறைவாயிற்று. குரல் மாறியபோது பாட்டும் மாறிற்று. ஆதலின் கேட்போர் இழப்பை உணரவில்லை.

ஒலிபெருக்கியும் பின்னணிப் பாட்டும் வந்தபின் உரத்துப் பாட வேண்டிய கட்டாயம் நீங்கிற்று. மதுரையிற் பிறந்த டி. எம். சௌந்தரராஜனின் வரலாறு இதனை விளக்கும். 1950-இல் வெளிவந்த 'கிருஷ்ண விஜயம்' படத்திற் பாடிய அவரது முதற் பாட்டில், உச்சக் குரலுக்குப் பெயர்பெற்ற எம். கே. தியாகராஜ பாகவதரின் சாயல் வெளிப்படையாகக் கேட்கும். 1954-இற் 'தூக்குத் தூக்கி'யிற் சிவாஜி கணேசனுக்குப் பாடியபோது வேறொரு குரல் பிறந்தது. நெஞ்சினின்று எழும் கம்பீரக் குரல் அது. பின்னர் சிவாஜிக்கு ஒரு வகையும் எம். ஜி. ஆருக்கு மற்றொரு வகையுமாக ஒரே தொண்டையினின்று இரண்டு குரல்களை அவர் வழங்கினார். 2010-ஆம் ஆண்டு கோவைச் செம்மொழி மாநாட்டிற்கென ஏ. ஆர். ரகுமான் அமைத்த பாட்டிலும், எண்பது வயதைக் கடந்த அவருடைய குரல் ஒலித்தது. நடுக்கம் இருந்தது, ஆயினும் அவரேயென்று முதற் சொல்லிலேயே தமிழுலகம் அறிந்துகொண்டது. அவர் 2013-இல் மறைந்தார்.

இனிக் கடல் கடந்து சிறிது செல்வோம். ஏனெனின், தசராக் குழுப் பாடகர்க்கு மிக நெருங்கிய உறவினர் அங்கே உளர். 1950-களில் அமெரிக்காவிற் பிறந்த ராக் என்னும் இசையில், மின்சாரக் கித்தாரும் பெருமுரசும் முழங்க, அவற்றிற்கு மேலாகப் பாடகர் கத்திப் பாடுகின்றார். மைக் இருக்கக் கத்துவானேன் என்று கேட்கலாம். சுற்றிலும் பேரொலி எழும்போது, தன் குரல் தன் செவிக்குக் கேளாமையால், மனிதன் தன்னையறியாமலே குரலை உயர்த்துகின்றான். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் இதனை விளக்கி எழுதினார். தாரை தப்பட்டைக்கு நடுவே பாடுகின்ற குலசேகரன்பட்டினத்து இளைஞர்க்கும், கித்தாருக்கு நடுவே பாடுகின்ற இலண்டன் இளைஞர்க்கும் இவ்விதி ஒன்றே.

இவ்வாறு கத்துவதாற் குரல் நாண்கள் ஒன்றையொன்று வன்மையாக அறைகின்றன. சின்னாள் அறைந்தால் வீங்கும். அதுவே தொண்டைக் கட்டு. நெடுநாள் அறைந்தால், துடுப்பு வலிக்கும் பரதவர் உள்ளங்கையிற் காய்ப்பு ஏறுவதுபோல, நாணின் நடுவிலும் சிறு காய்ப்பு உண்டாகும். அதன்பின் நாண்கள் முற்றும் பொருந்தா. உயர்ந்த சுரம் முதலிற் போகும்; மெல்லப் பாடும் ஆற்றல் அடுத்துப் போகும்; கம்மல் மட்டும் நிலைக்கும்.

புகழ்பெற்ற ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜான் 1987-இற் குரல் நாண்களில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் அவரது இளமையின் உச்சக் குரல் திரும்பவில்லை. குரல் தாழ்ந்து தடித்தது. அவர் பாட்டை நிறுத்தினாரா? இல்லை. தாழ்ந்த குரலுக்கேற்பப் பாடி, 2023 வரை உலகெங்கும் கச்சேரி செய்தார். லெட் செப்பலின் என்னும் குழுவில் 1968 முதல் அலறிப் பாடிப் பெயர்பெற்ற ராபர்ட் பிளான்ட், 2007-இல் அலிசன் கிராஸ் என்னும் பெண்மணியோடு சேர்ந்து மிக மென்மையான பாட்டுகளை வெளியிட்டார். அத்தொகுப்பு 2009-இற் கிராமி விருதுகளுள் அவ்வாண்டின் தலைசிறந்த தொகுப்பு என்னும் பரிசைப் பெற்றது. கனடா நாட்டு ஜோனி மிட்செல் 1969-இல் மெலிந்துயர்ந்த குரலிற் பாடிய தம் பாட்டொன்றையே, 2000-ஆம் ஆண்டிற் புகையாலும் வயதாலும் மிகத் தாழ்ந்துபோன குரலில் மீண்டும் பாடினார். வாழ்க்கையை இருபுறமும் பார்த்ததாகக் கூறும் அப்பாட்டு, முன்னர் இளம்பெண்ணின் கற்பனையாய் இருந்தது. பின்னர் பட்டறிந்தவரின் சொல்லாய்க் கேட்டது. புகையின் தீங்கைப் புகழ்தல் எம் கருத்தன்று. குறைந்த கருவியைக்கொண்டும் நிறைந்த பொருளைச் சொல்ல முடியும் என்பதே கருத்து.

இத்துணையும் கூறியதனால், குரலைப் பேணாது விடலாமென்று மாணவர் கொள்ளற்க. பருவம் தருகின்ற மாறுதல் வேறு. நாமே வருவித்துக்கொள்ளும் கேடு வேறு. முன்னதை ஏற்றல் வேண்டும். பின்னதைத் தவிர்த்தல் வேண்டும்.

உடன்குடிக் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதமானவை என்பது மெய்யே. ஆயினும் நாம் விழுங்கும் பொருள் குரல் நாண்களைத் தொடுவதில்லை. விழுங்குங்காற் குரல்வளை மூடிக்கொள்ளும், இல்லையேற் புரையேறும். ஆதலின் நாண்களை ஈரமாக வைத்திருப்பது, நாள் முழுதும் சிறுகச் சிறுகப் பருகும் தண்ணீரும், மூச்சோடு உட்செல்லும் நீராவியுமே. கம்மியபோது குசுகுசுவென்று அழுத்திப் பேசுதல் ஓய்வாகாது, பேசாதிருத்தலே ஓய்வு. அடிக்கடி செருமுதலும் நாண்களை அறையும். ஒரு மிடறு நீர் பருகுதல் நன்று. இரவில் வயிறு நிரம்ப உண்டு உடனே படுப்பின், வயிற்றுப் புளிப்பு மேலெழுந்து நாண்களை அரிக்கும். புகையும் புகையிலையும் பாடுவார்க்குப் பகை. மேளத்தினருகே பாடுவோர் தம் குரல் தமக்குக் கேட்குமாறு ஒலிபெருக்கியை அமைத்துக்கொள்க. இல்லையேல் மேளத்தைச் சற்றே விலக்குக. மகரக்கட்டுப் பருவத்துச் சிறுவரை, நேற்றைய உச்சத்தில் இன்றும் பாடுமாறு எந்த ஆசிரியரும் வற்புறுத்தலாகாது. எளிதில் எட்டும் சுரங்களிற் பாடவிடுக. கம்மல் மூன்று வாரத்திற்கு மேல் நீடிப்பின், கைவைத்தியத்தோடு நில்லாது தொண்டை மருத்துவரிடம் காட்டுக. நெடுநாட் கம்மல் சில வேளைகளில், சிறப்பாகப் புகை பிடிப்பாரிடத்து, புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருத்தல் கூடும். தொடக்கத்திற் கண்டால் அது பெரும்பாலும் தீர்க்கத்தக்கதே.

கேட்போர்க்கும் ஒரு கடமை உண்டு. முப்பது ஆண்டுகட்கு முன் கேட்ட பாட்டை, அதே சுருதியில், அதே உச்சத்திற் பாடுமாறு முதிய பாடகரை நாம் வற்புறுத்துகின்றோம். அவர் சுருதியைக் குறைத்தாற் குரல் போய்விட்டது என்கின்றோம். அச்சொல்லுக்கு அஞ்சியே பலர் இயலாத உச்சத்திற்கு முயன்று, எஞ்சிய குரலையும் இழக்கின்றனர். உண்மையில் நாம் தேடுவது அவருடைய இளமையை அன்று, நம்முடைய இளமையையே. அதனை மீட்டுத் தருமாறு மற்றொருவர் தொண்டையைக் கேட்பது முறையாகாது.

எம் மாணவர்க்கு வருவோம். அவர் மருத்துவர் சொற்படி வாய்மூடியிருந்தார். பின்னர் மூச்சை ஆளும் பயிற்சியையும் மெல்லப் பாடும் பயிற்சியையும் மாதக்கணக்கிற் செய்தார். காய்ப்புக் கரைந்தது. மறு ஆண்டுத் தசராவில், ஒரு கட்டை குறைத்துக்கொண்டு, தாம் ஒருவரே இரவெல்லாம் பாடாமல் இருவரைத் துணைக்கொண்டு முறைவைத்துப் பாடினார். "குரல் முன்போல் இல்லையே" என்றனர் சிலர். "பாட்டு இப்போதுதான் விளங்குகிறது" என்றார், கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர். பத்தாம் நாள் முடிந்த மறுநாட் காலை, தேநீர்க் கடையில் வாய்திறந்து பேச வல்லவராய் அவர் ஒருவரே இருந்தார்.

"பழைய குரல் அப்படியே வருமா?" என்று அவர் எழுதிக் கேட்ட தாள் எம்மிடம் இன்னும் உள்ளது. அதன் அடியில் எழுதத்தக்க விடை இதுவே: அப்படியே வாராது, எவர்க்கும் வந்ததில்லை. வருகின்ற குரலைப் பேணி, அதற்குரிய பாட்டைத் தேடிக்கொள்பவர் முதுமை வரையிற் பாடலாம். குரலும் நமக்கு அளிக்கப்பெற்ற ஒரு தாலந்தே. அதனை ஒரே திருவிழாவிற் செலவழித்தலும் தவறு. குறைந்துவிட்டதென்று மண்ணிற் புதைத்தலும் தவறு. உள்ளதைக் கொண்டு பாடுவோமாக.